இருபது அடிப் பலகை

பனமலைக்குப் போகும் வழியில், சீனுவாசனின் மாந்தோப்புக்குள் கேரவன்கள் தங்குவதற்கு ஒரு முகாம் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வாய்க்கால் ஓரமாக மண்பாதை. அது ஒரு சின்னப் பாலத்தருகே சட்டென்று வலப்பக்கம் வளைகிறது. வளைவுக்கு முன்னால், 'இருபது அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகை.

பலகையை வைத்தவள் முகாமின் மேனேஜர் தேவயானி. போன மழைக்காலத்தில் ஒரு நீள வண்டி அந்த வளைவில் பின்சக்கரத்தை வாய்க்காலுக்குள் விட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். டிராக்டர் கட்டி இழுத்தார்கள். மறுநாளே பலகை வந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் பெங்களூரிலிருந்து வந்த குடும்பத்தை அவள் திருப்பி அனுப்பியபோது, சீனுவாசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்போதும் பலகை அங்கேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது அவளுடைய அண்ணன் வண்டி.

சுகுமாருக்குத் திண்டிவனத்தில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை. பழைய லாரி ஒன்றை வாங்கி அவன் கட்டிய முதல் கேரவன் அது. முகாமில் தங்கியிருந்தவர்களிடம் தேவயானிதான் அண்ணனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். வண்டி பிடித்தால் அவனுக்கு வேலை கொடுப்பார்கள். பூமாலையும் சந்தனப் பொட்டுமாக வண்டி மண்பாதையில் இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்றது. குறுக்கே தேவயானி நின்றிருந்தாள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாண்ணா இது? இருபது அடின்னுதான சொன்னேன்?"

"இருபதுதான். வேணும்னா அளந்து பாரு."

அவள் டேப்பைப் பிடித்து அளந்தாள். இருபத்தேழு.

"கேபினையும் சேத்து அளந்தா எப்டி?" என்றான் சுகுமார். "இருபது அடி வண்டின்னா பாடி இருபது அடி. கேபினை எவன் அளப்பான்?"

அவன் ஏமாற்றவில்லை. விழுப்புரம் வரைக்கும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சரக்கு ஏற்றும் இடம்தான் அவர்களுக்கு நீளம்.

கேபினில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷாலினி சிரித்தாள். "பெட்ரூமு, கிச்சனு எல்லாம் அங்குலம் அங்குலமா அளந்தாரு தேவா. இவரு உக்கார்ற எடத்தை மட்டும் வுட்டுட்டாரு."

"நீ சும்மா இரு. தேவா, நவுரு. இதவிடப் பெரிய வண்டியச் சந்துல ஓட்டினவன் நானு."

தோப்பிலிருந்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து கூடிவிட்டார்கள். சீனுவாசன் மெதுவாகச் சொன்னார். "மேனேஜரம்மா, உங்க அண்ணன்தான. இன்னிக்கு ஒரு நாளைக்கு வுட்டுடுங்களேன்."

கூட்டத்தில் அறிவுச்செல்வன் நின்றிருந்தார். அவருடைய வண்டியும் நீளம்தான். முந்தின நாள் அதைச் சாலையோரம் நிறுத்தச் சொன்னவள் தேவயானி. கூடாரத்தில் படுத்து எழுந்து வந்திருந்தார். பலகையைப் பார்த்தார், பிறகு தேவயானியைப் பார்த்தார்.

"வேணாம்ணா. வெளிய எடுத்துக்கோ."

அந்தப் பாதையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸில்தான் போக வேண்டும். சுகுமாரின் முகம் மாறியது. பூஜை போட்ட வண்டி அன்றைக்கு முன்னால் மட்டும்தான் போகலாம். பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவனே அதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுப்பான். புது வண்டிகளைச் சாலையைப் பார்த்து நிறுத்துவதும் அதற்காகத்தான்.

"காலைலதான் எலுமிச்சம்பழத்து மேல ஏத்திக்கினு வர்றேன். பின்னால எடுக்கச் சொல்றியா?"

"ஆமா."

"யார்கிட்ட சொல்றன்னு தெரியுதா?"

"தெரிஞ்சிதான் சொல்றேன். உள்ள வுட்டுட்டு நாளைக்கு வேற யாரையும் நான் நிறுத்த முடியாதுண்ணா." அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

சுகுமார் இறங்கி வளைவு வரைக்கும் நடந்துபோனான். போன மழையில் அந்த நீள வண்டியின் சக்கரம் சரித்த கரை இன்னும் பள்ளமாகவே கிடந்தது. அதன் விளிம்பில் காலை வைத்து அழுத்திப் பார்த்தான். மண் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. தன் வண்டியின் வாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வந்து ஏறினான்.

"நீயே பின்னால நின்னு சொல்லு," என்றான். "வேற எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

தேவயானி பின்பக்கம் போய் பாடியில் தட்டினாள். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... அவ்ளோதான், நேரா வா." மாலை ஆட ஆட வண்டி பின்வாங்கிச் சாலைக்கு ஏறியது.

சாலையோரப் புளியமரத்தடியில், அறிவுச்செல்வனின் வண்டிக்குப் பக்கத்தில் அது நின்றது. தோப்பிலிருந்தவர்கள் நடந்தே போய்ப் பார்த்தார்கள். பலகையை விட்டு வர தேவயானிக்கு மதியமாகிவிட்டது. டீ வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே அறிவுச்செல்வன் தனக்கு ஒரு வண்டி கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகிற அளவில் வேண்டுமாம்.

"கட்டிடலாம் சார். கேபினையும் சேத்தே அளந்துடறேன்," என்றான் சுகுமார். "ஆனா அத வுடுங்க. முதலாளியே சொல்றாரு, கூட்டமே பாத்துக்கினு நிக்குது, நானு கூடப் பொறந்தவன். நின்ன எடத்த வுட்டு நவுரல சார். பூஜை போட்ட வண்டிய ரிவர்ஸ் எடுக்க வெச்சிட்டா. யாரு? என் தங்கச்சி."

படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஷாலினி, தேவயானிக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"காலைலேர்ந்து வர்றவங்க கிட்டல்லாம் இதத்தான் சொல்லிக்கினு இருக்காரு," என்றாள். "ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு அடி வளருது. இப்ப முப்பதுல நிக்குது."