ஏழாவது வரி

இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். அதனால் தங்கை வீடு வாங்கியபோது வேறொரு எழுத்தரைக் கிட்டே அண்டவிடவில்லை.

படிவத்தின் ஏழாவது வரியில் ஒரு கேள்வி: விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரா? ஆம் என்றால், வாங்குபவர் விலையில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் அவருக்குத் தர வேண்டும்.

விற்க வந்தவர் என்னைவிட நல்ல தமிழ் பேசினார். "எங்க இருந்தாலும் நான் நம்ம ஊர்க்காரன்தாங்க" என்றார். 'எங்க இருந்தாலும்' என்றது என் மண்டையில் ஏறவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

தங்கை அந்த வரியில் விரலை வைத்தாள். "அண்ணா, இவர் பெட்டியில விமான டேக் தொங்குது. ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"பத்திரம் எழுதுறது நீயா, நானா? இவரைப் பார்த்தா வெள்ளைக்காரர் மாதிரியா இருக்கு?" என்று அவர் எதிரிலேயே வள்ளென்று விழுந்தேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தங்கை விரலை எடுத்துக்கொண்டாள்.

பதினோரு மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விற்றவர் பதினைந்து வருஷமாக வெளிநாட்டில் இருப்பவராம். பிடிக்காமல் விட்ட வரியை வாங்கியவரே அபராதத்தோடு கட்ட வேண்டுமாம். மாடி எடுக்க அவள் சேர்த்து வைத்தது அத்தனையும் காலி. விற்றவரின் போன் நம்பர் உபயோகத்திலேயே இல்லை.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லி விளக்கம் எழுத, அவள் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுத்தர் தப்பாக நிரப்பினார் என்று உள்ளதை எழுதினால் அபராதத்தைக் குறைப்பார்கள். என் உரிமம் போய்விடும். பேனா நகரவில்லை.

"எனக்கு விவரம் தெரியலைன்னு எழுதுண்ணா" என்றாள் தங்கை.

"அப்படி எழுதினா ஒரு பைசா குறைக்க மாட்டாங்கம்மா."

"உன் உரிமம் போச்சுன்னா பிள்ளைங்களுக்கு என்ன பண்ணுவே? எழுது."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை; ஆனாலும் கை பாட்டுக்கு எழுதியது. 'எனக்கு விவரம் தெரியாது. தெரிந்தவர் யாரையும் நான் கேட்கவும் இல்லை.' இருபது வருஷப் பழக்கம், எழுத்தெல்லாம் முத்து முத்தாக விழுந்தது.

அவள் வாங்கிப் படித்தாள். 'கேட்கவும் இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்தாள். என்னால் நிமிர முடியவில்லை.

பிறகு விரலை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.