யார் முதலில் கூப்பிடுவது

கஜகஸ்தானின் காரகந்தா நகரம் ஒராஸ்பேக்குக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்து இருபத்து மூன்று நாளாகிவிட்டது. மனிதர் அந்த வீட்டில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

அவர் அங்கே தங்குவதில்லை என்று நசீபா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தது கெட்டிலைப் பார்த்து. அடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. கட்டில் மெத்தையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையையும் யாரும் கிழிக்கவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்த ஒராஸ்பேக் தொப்பியைக்கூடக் கழற்றாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நசீபா நகர வீட்டுத் திட்டத்தின் களப் பணியாளர். மூடிக் கிடந்த துணி ஆலையின் பழைய தொழிலாளர் விடுதியை நகரம் எடுத்து, சுவரைத் தட்டி, குழாய் மாற்றி, இருபத்தாறு சின்ன வீடுகளாக்கியிருந்தது. குடி, கடந்த காலம், வேலை என்று எதையும் கிளறாமல் முதலில் சாவி, மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் திட்டம். இப்படி ஒரு திட்டத்துக்காக நசீபா ஆறு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள். நிபந்தனை ஒன்றே ஒன்று. முப்பது நாளுக்குள் அந்த ஆள் அங்கே குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். நியாயமான நிபந்தனை. அதை எழுதியவளே நசீபாதான், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

ஒராஸ்பேக் தினமும் காலையில் வந்து வீட்டைத் திறப்பார், பெருக்குவார், சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டிவிட்டு நகரின் மறுகோடியில் வீடற்றவர்கள் படுக்கும் இரவு விடுதிக்குப் போய்விடுவார். அங்கே பதினாலாம் நம்பர் கட்டில் அவருடையது. வெளியே மைனஸ் இருபதில் நிற்கும் மனிதரைப் போ என்று சொல்ல விடுதிக்காரர்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் படுத்த கட்டிலுக்காக இன்னொருத்தர் வாசலில் நிற்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பத்தெட்டு வயது. சுரங்கத்தில் வெல்டராக இருந்தவர். விவாகரத்தானபோது வீட்டை மனைவிக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு ஒரு பையோடு இறங்கியவர். அந்தப் பையும் இரண்டாவது வருஷம் ரயில் நிலையத்தில் காணாமல் போயிற்று. ஒன்பது வருஷம் வெந்நீர்க் குழாய் ஓடும் பள்ளத்திலும் விடுதியிலும் மாறி மாறிக் கழிந்தது. இப்போது வாரம் மூன்று நாள் சந்தையில் மூட்டை இறக்குகிறார். எவரிடமும் கை நீட்டாதவர், குரலை உயர்த்தாதவர். இப்படிப்பட்டவர் வீட்டில் தங்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் யார்தான் என்ன செய்வது?

ஆபீசில் இதற்கு ஆறு பக்கத்துக்கு ஒரு குறிப்பே தயாராயிற்று. தனிமைப் பயம் என்றார் மனநல ஆலோசகர். குழாய்ச் சத்தம் என்றார் பொறியாளர். நசீபா தன் பங்குக்கு ஒரு ரேடியோ கொண்டு வந்தாள், பூப்போட்ட திரை கொண்டு வந்தாள், கடைசியில் ஒரு பூனையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரேடியோவும் திரையும் மூலையில் கிடந்தன. பூனை மூன்றாவது மாடிக்குக் குடி போய்விட்டது. பூனைக்கு இருந்த புத்தி இந்த மனிதருக்கு இல்லையே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இருபத்து மூன்றாம் நாள் அவள் பொறுமை தீர்ந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டிய கெட்டிலைத் தூக்கி அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"அண்ணே, இன்னும் ஏழே நாள். அப்புறம் நானே வந்து சாவியை வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பாவத்தை என் தலையில கட்டாதீங்க. இந்த வீட்ல என்னதான் குறை, சொல்லித் தொலைங்க."

"வீட்ல என்னம்மா குறை? ராஜா வீடு மாதிரி இருக்கு."

"பின்னே?"

ஒராஸ்பேக் தொப்பியைக் கழற்றினார், திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இருபத்து மூணு நாளாச்சு தங்கச்சி. ஒருத்தர்கூட என்னை எருலிக் விருந்துக்குக் கூப்பிடல. பக்கத்து வீட்டுக்காரங்களே வான்னு சொல்லாத இடத்துல நான் எப்படிப் படுப்பேன்? திருட்டுத்தனமா நுழைஞ்ச மாதிரி இருக்கு."

நசீபாவுக்குச் சுரீர் என்றது. ஆறு பக்கக் குறிப்பில் இந்த ஒரு வார்த்தை இல்லை. புதிதாகக் குடி வந்தவனை, முன்பிருந்தே இருப்பவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அதுதான் எருலிக். அதற்குப் பிறகுதான் வந்தவன் அந்த இடத்து மனிதனாகிறான். அவள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. கஜாக் வீட்டில் பிறந்து வளர்ந்துவிட்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

வெட்கம் கோபமாக மாற அதிக நேரமாகவில்லை. விறுவிறுவென்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே மரால், இரட்டைப் பெண் குழந்தைகளோடு இருப்பவள். எதிரில் ஒரு மனிதன் குடி வந்திருக்கிறான், ஒரு வாய் தேநீருக்குக் கூப்பிடக் கூடாதா என்று நசீபா பொரிந்து தள்ளினாள்.

மரால் முகம் சிவந்துபோயிற்று. "அக்கா, நாங்களும் புதுசுதானே. எங்களையே இன்னும் யாரும் கூப்பிடல. அவங்கள்லாம் பெரியவங்க, நானா போய்க் கூப்பிட்டா அதிகப்பிரசங்கின்னு நினைக்கமாட்டாங்களா?"

அடுத்த கதவு வால்தெமாருடையது. ஜெர்மன் வம்சாவளி, பழைய பஸ் டிரைவர், ஒரு கால் சரியில்லை. மூன்று தலைமுறையாகக் காரகந்தாவில் ஊறிய மனிதர். அவர் குறை இன்னும் பெரியது. மூன்று வாரமாக நல்ல சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பதாகவும், இந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்றும் நொந்துகொண்டார். இந்தக் கட்டடத்துக்காரர் யார் என்று நசீபா கேட்டாள். அவர் ஒவ்வொரு வீடாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

நாலு மாடியும் ஏறி இறங்கி முடித்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இருபத்தாறு வீடும் ஒரே நாளில் குடி வந்தவை. முன்பிருந்தவர் என்று ஒருவருமில்லை. இருபத்தாறு வீட்டாரும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கொண்டார்கள். ஒராஸ்பேக்கால் முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சாவிப் பதிவேட்டைப் புரட்டினாள். ரிப்பன் வெட்டிய அன்று, போட்டோவில் நன்றாக விழும் மீசை என்று யாரோ சொன்னதால், முதல் சாவியை ஒராஸ்பேக் கையில் கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து அவருடையது. அடுத்த ஆள் வாங்கியது இருபது நிமிஷம் கழித்து.

மறுநாள் காலை பதிவேட்டை அவர் முன்னால் விரித்தாள். "பாருங்க அண்ணே. இந்தக் கட்டடத்துக்கே மூத்த குடி நீங்கதான். இருபது நிமிஷம் மூத்தவர். நீங்க கூப்பிடாம இத்தனை பேரும் பட்டினி கிடக்கறாங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. ஒன்பது வருஷமாக யார் யாரோ ஊற்றிய சூப்பை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர். தன் கையால் ஒருவருக்கு ஒரு துண்டு ரொட்டி எடுத்து வைத்ததில்லை. என்னிடம் என்ன இருக்கிறது, நாலு கிண்ணம்தான் இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, அன்றைக்கு நாலு மணிக்குக்கூடக் காத்திருக்காமல் விடுதிக்குக் கிளம்பிவிட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நசீபா கையைப் பிசைந்தாள். அன்றும் மறுநாளும் அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை.

வெள்ளிக்கிழமை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். "நாளைக்கு மத்தியானம் ஒரு மணி. லேட்டா வராதே, கறி ஆறிப்போயிடும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

சந்தையில் ஒரு கறிக்கடைக்காரருக்கு இரண்டு நாள் லாரி இறக்கிக் கொடுத்து, கூலிக்குப் பதில் பாதி ஆடு வாங்கி வந்திருந்தார். நாலு மாடியிலும் ஒவ்வொரு கதவாகத் தட்டி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அழைத்தாராம். எங்கள் வீட்டுக்கு எருலிக் விருந்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாராம். 'எங்கள் வீட்டுக்கு' என்று சொன்னதை மரால் நசீபாவிடம் இரண்டு முறை சொன்னாள்.

பதினேழு சதுர மீட்டர் அறையில் பத்தொன்பது பேர். அவரவர் கிண்ணத்தையும் முக்காலியையும் அவரவரே கொண்டு வந்திருந்தார்கள். பூப்போட்ட திரையைத் தரையில் விரித்து அதன்மேல் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கும் கறியும் வைத்திருந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, இரட்டைக் குழந்தைகளை அதன்மேல் உட்காரவைத்தாயிற்று. கதவுக்கு எதிர்ப்புறம், மரியாதைக்குரிய இடத்தில், இஸ்திரிச் சட்டையோடு வால்தெமார். நசீபா வாசலோரமாக உட்காரப் போனாள். ஒராஸ்பேக் விடவில்லை. அவளையும் வால்தெமார் பக்கத்தில் உட்காரவைத்து, இடுப்பெலும்புக் கறியை அவள் கிண்ணத்தில் வைத்தார். நல்ல விருந்தாளிக்குத்தான் அந்தத் துண்டு. அவர் அறுத்த முதல் துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. பத்தாவது துண்டிலிருந்து நேராக விழுந்தன. ஆபீஸ் மனுஷி அழலாமா என்று நசீபா தேநீரைக் குனிந்து குடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் வயதில் மூத்தவர் என்று வால்தெமார் கைகளை ஏந்தி வாழ்த்துச் சொன்னார். அவருடைய கஜாக் மொழியில் பாதி தப்பு. ஆனாலும் எல்லோரும் வாழ்த்தை ஏற்று, வழக்கப்படி கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். உடனே ஆளாளுக்கு அடுத்த விருந்து யார் வீட்டில் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

மூன்றரை மணிக்கு நசீபாவின் போன் அடித்தது. இரவு விடுதிப் பொறுப்பாளர். குளிர் மைனஸ் இருபத்தெட்டுக்குப் போகிறதாம், வாசலில் இப்போதே பதினோரு பேர் நிற்கிறார்களாம். பதினாலாம் நம்பரை ஒராஸ்பேக்குக்கு வைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டாள்.

நசீபா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கேட்கவே பயமாக இருந்தது. ஒராஸ்பேக் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தொட்டியில் அடுக்கியிருந்த பத்தொன்பது பேரின் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கட்டிலை என்ன பண்றதுன்னு கேக்கறாங்க."

அவர் திரும்பவில்லை. ஒரு கிண்ணத்தை அலசிக் கவிழ்த்து வைத்தார்.

"யாருக்காவது குடுக்கச் சொல்லும்மா. ஜன்னல் பக்கம் தலை வெச்சுப் படுக்க வேண்டாம்னு சொல்லச் சொல்லு, இடுக்குல காத்து வரும். கதவுப் பக்கம் தலை வெச்சா நல்லாத் தூக்கம் வரும்."