தீவைச் சுற்றி வந்த டொரத்தி

1935-இல் கடலோர ஊரான மெர்சிங்கில் ஆசிரியையாக இருந்த டொரத்திக்கு ஓர் ஆசை வந்தது. கரைக்கு எதிரே தெரியும் தீவை நீந்தியே சுற்றி வர வேண்டும். கணவர் வாலண்டைன் உடனே சம்மதித்துவிட்டார். மாமியாரிடம் சொல்லத்தான் இருவருக்கும் தைரியமில்லை.

ஒருநாள் மாலை மேசைமேல் தீவின் படத்தை விரித்து, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் பியாட்ரிஸ் வந்து நின்றார்.

"யாரு நீந்தப் போறது?"

"நான்தான் அத்தை," என்றாள் டொரத்தி.

பியாட்ரிஸ் படத்தையே பார்த்தார். "நடுக்கடல்ல தாகம் எடுத்தா?"

"மீன்பிடிக்கிற பாக் தாவூட் தன்னோட சம்பான் படகுல கூடவே வருவாரு. இவரும் அதுல உக்காந்து கஞ்சித்தண்ணி குடுப்பாரு."

"இவனா? கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணி பட்டா இவனுக்குக் கரையே தெரியாது. உன்னை எங்க பார்க்கப் போறான்? நானும் வர்றேன்."

பருவக்காற்று ஓய்ந்ததும் ஒரு விடியலில் புறப்பட்டார்கள். சம்பானில் ஏறியதுமே பியாட்ரிஸுக்குக் குமட்டல். தீவின் பின்புறம் நீரோட்டம் இழுத்தது. கை சோர்ந்து டொரத்தி தலையைத் தூக்கியபோதெல்லாம், படகு விளிம்பைப் பிடித்தபடி அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருக்கேன்மா. மெதுவா வா."

ஒருவழியாகச் சுற்றி முடித்துக் கரை சேர்ந்தபோது இருவராலும் நிற்க முடியவில்லை. மணலிலேயே உட்கார்ந்து, டொரத்தி அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நீங்க இல்லன்னா பாதியிலேயே படகுல ஏறியிருப்பேன், அத்தை."

"சரி, சரி. முதல்ல தலையைத் துவட்டு," என்றார் பியாட்ரிஸ். துண்டை எடுத்துத் தானே துவட்டியும் விட்டார்.