மூடி வைத்த குடம்

"அம்மா, எந்தப் பக்கம் பள்ளம்னு தண்ணிக்கு யாரு சொன்னா?"

பள்ளிக்கூட வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதைப் பார்த்து சுபலட்சுமி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மலர்க்கொடி குடையை விரித்தாள். "சாமி சொல்லியிருக்கும், நட" என்று மகளை இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடம் மண், நீர்ப் பாதுகாப்புக் களப்பணியாளர் பயிற்சியில் சேர்ந்து, தண்ணீரின் பின்னாலேயே நடப்போம் என்று அன்றைக்கு அவள் நினைத்தாளா என்ன.

பயிற்சி திருவெறும்பூரைத் தாண்டி ஒரு செம்மண் சரிவில் நடந்தது. சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் கோடு பிடித்து, அந்தக் கோட்டின் மேல் வரப்பு போட்டால் மழைத்தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். கோடு பிசகினால் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து வரப்பை உடைத்து, மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். கோடு பிடிக்க ஆளுக்கொரு மட்டக்குழாய் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய்தான். அதில் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு அளவுகோல்களில் கட்டி, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் நின்றால் இரண்டு இடமும் ஒரே உயரம்.

"உள்ள ஒரு குமிழி இருந்தாப் போதும், குழாய் பொய் சொல்லும். அத நம்பி நீங்க பொய் சொல்லுவீங்க. உங்கள நம்பி ஒரு விவசாயி வரப்பு போடுவான்" என்பார், பயிற்சி கொடுத்த ஸ்தனிஸ்லாஸ் சார்.

கடைசி நாள் தேர்வில் யார் முந்துகிறார்களோ அவர்கள் விரும்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளலாம். மலர்க்கொடிக்கு மண்ணச்சநல்லூர்தான் வேண்டும். அவள் வீடு அங்கே. புருஷன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். பள்ளி விட்டதும் சுபலட்சுமி பக்கத்து வீட்டு மயிலம்மாளின் வாசலில் உட்கார்ந்து அம்மாவுக்காக வழி பார்த்துக்கொண்டிருப்பாள். தூரத்து ஒன்றியம் கிடைத்தால் வேலையையே விட வேண்டியதுதான். ஆனால் மண்ணச்சநல்லூருக்கு ஒரே ஓர் இடம். அதையே ஸ்ரீரங்கத்துப் ப்ரியம்வதாவும் கேட்டிருந்தாள். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் அவளுக்கும் அதுதான் பக்கம்.

மலர்க்கொடியின் சந்தேகம் ஒரு முடிச்சில் தொடங்கியது.

சாயங்காலம் மற்றவர்கள் தண்ணீரை வடித்து, குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். மலர்க்கொடிக்கு அதற்கு நேரம் கிடையாது. தண்ணீரோடு அப்படியே வளைத்து, வாய் இரண்டையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, கொட்டகையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். காலையில் வந்து பார்த்தால் அவள் போட்ட முடிச்சு இருக்காது. பூக்காரி கட்டியதுபோல இரண்டு காது வைத்த முடிச்சு இருக்கும். அந்த முடிச்சை அவள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறாள், ப்ரியம்வதாவின் சாப்பாட்டுப் பையில்.

"அக்கா, ஆளு அமுக்கமா இருக்குது பாருங்க" என்றான் கூடப் படித்த பிரவீன்ராஜ். "நம்மகூட உக்காந்து சாப்பிடுதா? அந்தக் குடத்தையாவது யாரையும் தொட விடுதா?"

குடம் கொட்டகையின் மூலையில், ஒரு முக்காலியின் மேல், தட்டுப் போட்டு மூடியிருக்கும். ப்ரியம்வதா தினமும் போகும்போது அதில் தண்ணீர் பிடித்து வைப்பாள். "தயவுபண்ணி இதை யாரும் தொட்டுடாதீங்கோ" என்று ஒருமுறை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லியும் இருந்தாள்.

"அது மடித் தண்ணி தம்பி" என்றாள் மலர்க்கொடி, அவள் காதில் விழட்டும் என்றே. "நம்ம கை பட்டா, பாவம், மறுபடியும் காவேரிக்கில்ல போகணும்."

பிரவீன்ராஜ் சிரித்தான். ப்ரியம்வதா நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரி சிறுத்துப் போயிற்று. தன் குழாயைச் சுருட்டி மாட்டினாள்.

தேர்வுக்கு முந்திய நாள் அவள் வரவில்லை. அப்பாவின் ஸ்ராத்தம் என்று லீவு சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மலர்க்கொடி தன் குழாயில் போட்ட முடிச்சே அப்படியே இருந்தது. குறைந்திருந்த தண்ணீருக்குக் குழாயடி வாளியிலிருந்து அவசரமாக உறிஞ்சி நிரப்பினாள். ஆனால் கோடு கோணல்மாணலாகப் போயிற்று.

"ஏம்மா மலர்க்கொடி" என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார். "இந்தக் கோட்டுல வரப்பு போட்டா மொத மழைக்கே பிச்சுக்கிட்டுப் போயிடும். இத்தனை நாளு ஒழுங்காத்தான பிடிச்ச?"

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பழி வராமல் இருக்க ப்ரியம்வதா லீவும் எடுத்துக்கொண்டாள் என்று மலர்க்கொடி பல்லைக் கடித்தாள். சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் செய்தி வந்தாலும் அதைத் தன் பக்கத்துச் சாட்சியாக்கிக்கொண்டுவிடும்.

மறுநாள் மகளை மயிலம்மாளிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, "ஆத்தா, இன்னிக்கு அவளக் கையும் களவுமாப் பிடிக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். பயிற்சி இடத்துக்கு வந்து கொட்டகையின் பின்பக்கம் போய், தகர இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ப்ரியம்வதா அவளுக்கும் முன்பே வந்திருந்தாள். மடியில் மலர்க்கொடியின் குழாய். முடிச்சை அவிழ்த்து, பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டினாள். ஒரு முனையைக் குடத்துக்குள் விட்டாள். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முனையைத்தான் நேற்று அவளும் வாயில் வைத்து உறிஞ்சியிருந்தாள்.

தண்ணீர் இறங்கி வந்தது. ப்ரியம்வதா குழாயை விரலால் சுண்டிச் சுண்டி, சின்னக் குமிழிகளை ஒவ்வொன்றாக மேலே ஓட்டினாள். உதடு ஏதோ நாமம் சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தார் ஸ்தனிஸ்லாஸ் சார். "அந்தக் குடத்துத் தண்ணியேதானா?"

"ஆமா சார். முந்தாநாள் பிடிச்சு வச்சது. நின்னு தெளிஞ்ச தண்ணியில அவ்வளவா குமிழி கட்டறதில்லை."

"இது யாரு குழாய்?"

"மலர் அக்காவோடது. அவங்களுக்கு நிதானமா நிரப்ப நேரம் ஏது? குழந்தை காத்துண்டிருக்கும்."

"போட்டிக்காரிக்குத் தண்ணி பிடிக்கிற ஆள இப்பத்தாம்மா பாக்குறேன். அவகிட்டச் சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

"சொன்னா கைங்கர்யமாவே இருக்காது சார்" என்று சிரித்தாள். பிறகு, "என் மேல கோவமா வேற இருக்காங்க" என்றாள்.

"சரி, வண்டியில முளைக்குச்சி வந்திருக்கு. வந்து எண்ணி இறக்கிக் குடு. முடிஞ்சதும் தேர்வு ஆரம்பிச்சிடலாம்."

அவள் இரண்டு காது வைத்து முடிச்சைப் போட்டு, மலர்க்கொடியின் குழாயை அதன் இடத்தில் வைத்தாள். ஆணியில் வெறுமையாகத் தொங்கிய தன் குழாயை ஒருமுறை பார்த்தாள். அவர் பின்னால் போய்விட்டாள்.

கொட்டகையில் யாரும் இல்லை.

இனி அவள் திரும்பி வந்து, பதறிப் பதறிக் குழாயடித் தண்ணீரைத்தான் நிரப்புவாள். நேற்று மலர்க்கொடிக்குப் போனது போலவே அவளுடைய கோடும் போகும். மண்ணச்சநல்லூர் தானாக வந்து மடியில் விழும். மயிலம்மாளின் வாசலில் உட்கார்ந்திருக்கும் சின்ன முகம் மலர்க்கொடியின் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொட்டகையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

குடத்துக்குள் பார்த்தாள். தண்ணீர் அடி தெரியும்படி தெளிந்திருந்தது, இன்னும் ஒரு குழாய்க்குப் போதும். ஆணியிலிருந்து ப்ரியம்வதாவின் குழாயை எடுத்து ஒரு முனையைக் குடத்தில் விட்டாள். மறுமுனையை வாயில் வைக்கும்போது, 'மடித் தண்ணி' என்று தான் அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. உறிஞ்சினாள். குளிர்ந்த தண்ணீர் வந்து நாக்கைத் தொட்டது. குழாயை வெளிச்சத்தில் பிடித்து, சுண்டிச் சுண்டி, கடைசிக் குமிழி போகும்வரை பார்த்தாள்.

முடிச்சுப் போடுகையில் கை பழக்கத்துக்கு இறுக்கிவிட்டது. அவிழ்த்தாள். இரண்டு காது வைத்து, பூக்காரி கட்டுவதுபோலக் கட்டினாள். அது சரியாக வர மூன்று தடவை ஆயிற்று.

அதைத் தன் குழாயின் பக்கத்தில் வைத்துவிட்டு, குடத்தைத் தட்டால் மூடினாள். வேலியோரமாகவே ரோட்டுக்குப் போய், அடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கிய பிரவீன்ராஜோடு, தானும் அப்போதுதான் வந்தவள்போலச் சேர்ந்து நடந்து வந்தாள்.