நல்ல வார்த்தை சொல்லாத வாத்தியார்

பெருந்துறைக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய மறுநாளே மாரப்ப கவுண்டர் வண்டி கட்டச் சொல்லிக் கோயமுத்தூருக்குப் புறப்பட்டுவிட்டார். ஜாதகம் பொருந்தவில்லையாம். பொருத்தம் பார்த்து நாள் குறித்ததே அவர்களுடைய ஜோசியர்தான்.

நடந்தது என்ன என்பது அவருக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். கவுண்டரின் மகன் பாலுசாமி சாயங்காலமானால் பிரகாசம் என்கிற வாத்தியாரின் அறையில்தான் இருப்பான் என்று விடுதியில் கேள்விப்பட்டு, அவரிடமே பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் பேச வருகிற பையன்களைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று அவர் கையைக் கூப்பிவிட்டாராம்.

விசாரிக்க வந்த இடத்தில் ஒரு பெரிய மனிதன் வாயைத் திறக்கவில்லை என்றால் கொங்கு நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குடியா, பொம்பளைச் சகவாசமா, புத்தி பிசகா என்பதைக் கேட்டவர்கள் தங்கள் இஷ்டம்போல் வைத்துக்கொள்வார்கள்.

கல்கத்தாவில் மனோதத்துவம் படித்தவர் பிரகாசம். தூக்கம் வராதவன், பரீட்சை என்றால் கை நடுங்குகிறவன் எல்லாம் அவரிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அந்தக் கல்லூரியில் வழக்கமாகியிருந்தது. மாரப்ப கவுண்டர் வீட்டுச் சேதி இதுவரை வாசற்படி தாண்டியதில்லை.

"உக்காருங்க, கவுண்டரே," என்றார் பிரகாசம், தன் அறைக்குள் வந்தவரிடம்.

"நிக்கறனுங்க. உக்காந்து பேசற சோலி இல்லீங்க. ஏனுங் வாத்தியாரே, பையன் தங்கமானவன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க நாக்குத் தேஞ்சா போயிருக்கும்?"

"இவனைத் தங்கம்னு சொல்லிட்டு, நாளைக்கு இன்னொருத்தனைக் கேக்கறப்போ சும்மா இருந்தா அவன் பித்தளைன்னு ஆயிருமே. அதனாலதான் யாருக்குமே சொல்றதில்லைங்க."

"ஊரான் பையனைக் காப்பாத்தறக்கு என்ற பையன் மானம்தான் கெடச்சுதுங்களா?"

பிரகாசம் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

கவுண்டர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவனுக்கு என்னங்க கோளாறு?"

"பரீட்சையில எதுவும் எழுதாம வெறும் தாளைக் குடுத்துட்டு வந்தான். அது காலேஜுக்கே தெரியும். மத்ததை அவன்கிட்டத்தான் நீங்க கேக்கணும்."

"நான் பெத்தவனுங்க."

"தெரியுமுங்க."

"பெத்தவன் கேட்டாலும் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேங்க."

மாரப்ப கவுண்டர் குரலை உயர்த்தவில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும் என்பது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

"அப்படீங்களா. இப்பவே என்ற கூடப் பெருந்துறைக்கு வாங்க. பையன்மேல ஒரு குத்தமும் இல்லைன்னு அவங்க ஊட்டுல சொல்லிப்போட்டு வந்துருங்க. இல்லீன்னா இன்னைக்கே அவனைக் கூட்டிட்டுப் போயிருவனுங்க. படிச்சுக் கிழிச்சது போதும்."

"இப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது அவனுக்கு நல்லதில்லைங்க," என்றார் பிரகாசம். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஏன்? எங்க ஊட்டுல சோத்துக்குக் கொறையா? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானுங்களா?"

இந்தக் கேள்விக்கு 'மாட்டேங்க' என்றுகூட வரவில்லை. பிரகாசம் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். தன் பங்காளிகளுக்காக எத்தனையோ வீடுகளைப் பற்றி விசாரிக்கப் போனவர் மாரப்ப கவுண்டர். இப்படி மேஜையையும் மோட்டுவளையையும் பார்த்த மனிதர்களை நம்பியே நல்ல நல்ல சம்பந்தங்களைக் கலைத்திருக்கிறார். அந்த மௌனத்தின் எடை அவருக்குத் தெரியாததா?

மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பாலுசாமி தாழ்வாரத்துத் தூணருகில் நின்றிருந்தான்.

"பொட்டியை எடுத்துட்டு வா."

"நான் வல்லீங்கப்பா."

கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொல்லிவிட்டான். அந்தக் குடும்பத்தில் தகப்பன் முகத்துக்கு நேரே அப்படி ஒரு வார்த்தை பிறந்ததில்லை. தாழ்வாரம் நெடுக விடுதிப் பையன்கள். இரண்டு பேர் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இங்கே அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டால் பொள்ளாச்சிச் சந்தை கூடுவதற்குள் மாட்டுத் தரகன் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

மாரப்ப கவுண்டர் சிரித்தார்.

"அப்படியே ஆகட்டும். பரீட்சையெல்லாம் முடிச்சுப்போட்டு நிதானமா ஊட்டுக்கு வா, கண்ணு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

எவ்வளவு அருமையான தகப்பன் என்று பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாலுசாமி மட்டும் பின்வாங்கி வாத்தியாரின் அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டான்.