அனுமதி வாங்காத பின்னறை

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஜஹாரா வீட்டுப் பின்னறை, உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் லாஸிமோடு சேர்த்து எங்கேயோ கிளம்பிப் போய்விட்டு, சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தது. தாமான் மெலூர் குடியிருப்பில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அனுமதி இல்லாமல் கட்டினால் நிலத்தில் ஒட்டாதுதான் என்றார்கள்.

தப்பு ஜஹாராவுடையது. லாஸிம் தூரத்து ஊர்களுக்கு பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து கால் விழுந்த பிறகு மாடியேற முடியவில்லை, கீழே ஓர் அறை வேண்டியிருந்தது. நகராண்மைக் கழகத்துக்கு வரைபடம் கொடுத்து, இரண்டு பக்கத்து வீட்டிலும் சம்மதக் கையெழுத்து வாங்க அவளுக்கு எங்கே பொறுமை? பெருநாள் லீவில் அதிகாரிகள் ஊருக்குப் போயிருப்பார்கள், அதற்குள் கூரை போட்டுவிட்டால் எவன் கேட்கப்போகிறான் என்று ஊரே செய்வதை அவளும் செய்தாள். மற்றவர்கள் இழுத்துக் கட்டிய சமையலறைகள் காற்றடித்தால் லேசாக நகரும், அவ்வளவுதான். இந்த அறைக்கு மட்டும் லாஸிமின் குணம் வந்துவிட்டது.

அதற்கு இருப்பே கொள்ளவில்லை. காலையில் சந்து முனையில் நிற்கும். மத்தியானம் லுமுட் கடற்கரையில் பார்த்ததாக யாராவது போன் பண்ணுவார்கள். மருந்து வேளை தவறுமே, கட்டிலிலிருந்து விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று ஜஹாரா கஞ்சித் தூக்கோடு முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் அலைவாள். கடைசியில் அனுமதிக்கு எழுதிப் போட்டாள். பக்கத்து வீட்டு பூன் தெயிக் கையெழுத்துப் போடாமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்.

"நின்னாத்தான்க்கா கூரைத் தண்ணி என் பக்கம் விழும். அது பாட்டுக்கு சுத்தட்டுமே."

அவள் கூரையோரம் தகரக் குழாய் வைத்துக் கொடுத்த பிறகுதான் மனுஷன் இறங்கி வந்தார். அனுமதி வந்தது. அதை அறைச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அறை திரும்பிய நேரம் பார்த்து ஜஹாரா சுத்தியலோடு உள்ளே போனாள். லாஸிமின் தலைமுடியெல்லாம் கடல்மணல்.

"அடிச்சிட்டா நின்னுடும், ஹாரா. அப்புறம் நான் வெறும் நோயாளிதான்."

"நான் பயந்தே செத்துடுவேன் போல இருக்கு, அபாங்."

"நீயும் கூட வந்திருக்கலாம்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் அவள்.

"ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா?"

லாஸிம் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு, "இப்பக் கூப்பிடுறேன்" என்றார்.

ஜஹாரா சுத்தியலைக் கீழே வைத்து அழுதாள். அழுது முடித்து, சோற்றுப் பானை, மருந்துப் பெட்டி, தொழுகைப் பாய் எல்லாவற்றையும் அறைக்குள் எடுத்துப் போட்டாள்.

வீட்டை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் இருக்கிற பின்னறை எங்கே என்று குடிவந்தவர்கள் கேட்டால், பெருநாளைக்கு வரும் என்று பூன் தெயிக் சொல்வார்.