கோளாறு இல்லாத தலை

தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றித் தட்டில் வைத்தாள் சித்ரலேகா. பல்கலைக்கழகத்து எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சி மையத்தில் அவள் ஆய்வு மாணவி. நோயாளிகளின் மூளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் படமும் வேண்டியிருந்தது. அறிவிப்பு ஒட்டியும் ஒருவரும் வரவில்லை. "ஆளு வராட்டா என்ன, நானே படுக்கேன்" என்று காந்தக் குழலுக்குள் போய்விட்டாள்.

கணவரின் முதுகைப் படம் எடுக்க வந்திருந்த எதிர்வீட்டு வடிவு அதைப் பார்த்தாள். சித்ரலேகா வீடு வந்து சேருமுன் பேச்சு பாளையங்கோட்டையைச் சுற்றிவிட்டு ஆழ்வார்குறிச்சிக்கே போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஆவுடையம்மாள் வந்து உட்கார்ந்தாள். தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் தாய்.

"ஏம்மா, உன் தலையில என்ன கோளாறு?"

சித்ரலேகாவின் அம்மா பிரம்மநாயகி மகளை நறுக்கென்று கிள்ளினாள். "வடிவு ஆளு மாறிப் பாத்துட்டா மதினி."

"இல்லத்தே, படுத்தது நாந்தான். கோளாறு இல்லாத தலை ஒண்ணு தேவப்பட்டுது."

"நல்ல தலைய எவளாவது மிஷினுக்குள்ள கொண்டு கொடுப்பாளா? இனிமே அங்கன போகலன்னு சொல்லு, இதோட விட்டுருதேன்."

"அடுத்த வாரமும் போகணும் அத்தே. கல்யாணம் நின்னா நிக்கட்டும். எதையும் ஒளிச்சு வச்சுக் கழுத்த நீட்ட மாட்டேன்."

"ஏட்டி, வாய மூடுதியா!" பிரம்மநாயகி பதறினாள்.

ஆவுடையம்மாள் எழுந்து விறுவிறுவென்று வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாந்தாம்மா ஒளிச்சு வச்சிருக்கேன்." குரல் இறங்கிவிட்டது. "எம் மக அனுராதாவுக்கு வலிப்பு வருது. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு டாக்டர்ட்ட காட்டாம, மந்திரிச்ச கயிறக் கட்டிக்கிட்டே இருக்கேன். போன மாசம் அடுப்புலயே விழப் பாத்தா."

"கூட்டிட்டு வாங்க அத்தே. வலிப்புக்கு மருந்து இருக்கு. மொதல்ல டாக்டரப் பாப்போம், அவரு சொன்னா படமும் எடுப்போம். நான் கூடவே இருக்கேன்."

அடுத்த வாரம் அனுராதா குழலுக்குள் படுத்திருந்தாள். மகளின் தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஆவுடையம்மாள் வெளியே நின்றாள். முதுகுப் படத்தின் முடிவை வாங்க வந்த வடிவு பைய அருகே வந்தாள்.

"உள்ள யாரு மதினி, மறுபடியும் அந்தப் பிள்ளதானா?"

"உள்ள படுத்திருக்கது எம் மக. அவளுக்கு வலிப்பு. அந்தா, கண்ணாடி பக்கத்துல நிக்காளே, அவ எம் மருமக. உங்க வீட்டுக்காரரு முதுகுக்குன்னா பட்டப்பகல்ல கூட்டிட்டு வாரீங்க. தலைக்குன்னா மட்டும் எதுக்குக் கதவச் சாத்தணும்? நோய் வந்ததுல வெக்கம் இல்ல வடிவு. வெக்கத்துக்குப் பயந்து பிள்ளைய மருந்தில்லாம வச்சிருந்தேன் பாருங்க, அதுதான் வெக்கம். போங்க, இதையும் ஊரெல்லாம் சொல்லுங்க!"